உங்களுக்குத் தெரியுமா? – பதறிய மனசுக்கு நஷ்டஈடு

★ கால் உடைந்தால் எக்ஸ்ரே காட்டிக்கொடுத்துவிடும். மனசு உடைந்தால்? அடுத்தவரின் அஜாக்கிரதையால், மேலே ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளுக்குள் ஆடிப்போனவருக்கு நஷ்டஈடு உண்டா என்ற கேள்வியோடு நீதிமன்றங்கள் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே மல்லுக்கட்டி வருகின்றன. ஆங்கிலச் சட்டம் இதற்கு வைத்த பழைய பெயர் 'நரம்பு அதிர்ச்சி'.

★ 1886, மெல்போர்ன். ரயில் வரும் நேரத்தில் கேட் கீப்பர் கேட்டைத் திறந்துவிட்டார். ஒரு தம்பதியின் குதிரை வண்டி தண்டவாளத்தில் ஏறிவிட்டது. மயிரிழையில் தப்பினார்கள், ரயில் வண்டியைத் தொடவே இல்லை. ஆனால் மனைவி மயங்கி விழுந்தார், கர்ப்பமும் கலைந்தது. வழக்கு, காலனிகளின் மேல்முறையீடுகளை விசாரித்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1888இல் வந்த தீர்ப்பு: உடம்பில் எதுவும் படவில்லை, வெறும் பயத்துக்குப் பணம் கிடையாது.

★ 1901இல் காற்று கொஞ்சம் திசை மாறியது. லண்டனில் ஒரு மதுக்கடைக்குள் குதிரை வண்டி புகுந்துவிட்டது. கல்லாவுக்குப் பின்னால் நின்றிருந்த கடைக்காரரின் மனைவி நிறைமாதத்துக்கு முன்பே பிரசவித்தார். தன் உயிருக்குப் பயந்து நோய்ப்பட்டவர் வழக்குப் போடலாம் என்றார் நீதிபதி கென்னடி. 'உங்களுக்கு மண்டை ஓடு மெலிசு, அதற்கு நான் என்ன செய்ய?' என்று இடித்தவர் தப்பிக்க முடியாது என்ற புகழ்பெற்ற விதியும் இந்தத் தீர்ப்பிலிருந்து வந்ததுதான்.

★ சரி, பயம் தனக்காக இல்லாமல் பிள்ளைக்காக என்றால்? இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டன் நகரில், மேட்டுத் தெருவில் இன்ஜினை அணைக்காமல் விட்டுப்போன லாரி, ஆளில்லாமல் உருண்டு இறங்கியது. தெரு வளைவு வரை பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுத் திரும்பிய தாய், பிள்ளைகள் போன பக்கமிருந்து லாரி வருவதைப் பார்த்துப் பதறிப்போனார். பிறகு இறந்தும் போனார். தன்னைப் பற்றி மட்டும் பயந்த தாய்க்குப் பணம், பிள்ளையைப் பற்றிப் பயந்தவளுக்கு இல்லை என்றால் அது என்ன நியாயம் என்று கேட்டு, 1925இல் கதவைத் திறந்துவிட்டது மேல்முறையீட்டு நீதிமன்றம்.

★ லிவர்பூலில் ஒரு சவ ஊர்வலம். அஜாக்கிரதையாக வந்த டிராம் சவ வண்டியில் மோதியதில் சவப்பெட்டி சாய்ந்தது. உயிரோடிருக்கும் யாருக்கும் காயமில்லை. பின்னால் வந்த உறவினர்கள் அதிர்ச்சிக்கு நஷ்டஈடு கேட்டு வென்றார்கள். பிற்பாடு பெரிய நீதிபதிகள் இந்தத் தீர்ப்பைப் பார்த்துப் புருவம் உயர்த்தினார்கள் என்பது வேறு விஷயம்.

★ சட்டக் கல்லூரி மாணவர்கள் மறக்காத மீன்காரம்மா ஒருவர் இருக்கிறார். 1938, எடின்பரோ. 8 மாதக் கர்ப்பிணி. டிராமிலிருந்து இறங்கி, மீன்கூடையை முதுகில் ஏற்றிக்கொண்டிருந்தார். டிராமுக்கு மறுபக்கமாக வேகமாகப் போன ஒரு மோட்டார் சைக்கிள், 45-50 அடி தள்ளி ஒரு காரில் மோதியது. ஓட்டியவர் இறந்துபோனார். மீன்காரம்மா மோதலைப் பார்க்கவில்லை, சத்தம்தான் கேட்டது. உடலை அகற்றிய பிறகு ரோட்டில் ரத்தத்தைப் பார்த்தார். அவருக்குக் குழந்தை இறந்தே பிறந்தது. அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை கையை விரித்துவிட்டது: டிராமுக்கு அந்தப் பக்கம் நிற்கும் ஒருவருக்கு இப்படி ஆகும் என்று ஓட்டியவர் எதிர்பார்த்திருக்க முடியாதாம்.

★ கணக்கு இன்னும் கறாரானது ஹில்ஸ்பரோவில். 1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்டில் கால்பந்து மைதான நெரிசல். இதுவரை 97 உயிர்கள். கூட்டத்தைக் கட்டுப்படுத்துவதில் கோட்டைவிட்ட போலீஸ் மீது உறவினர்கள் வழக்குப் போட்டார்கள். பிரபுக்கள் சபை வரை போன 10 பேரும் 1991இல் தோற்றார்கள். இறந்தவரோடு நெருங்கிய பாசம் இருக்க வேண்டும், சம்பவ இடத்திலோ உடனடிப் பின்விளைவிலோ இருந்திருக்க வேண்டும், சொந்தக் கண்ணாலும் காதாலும் அறிந்திருக்க வேண்டும். டிவியில் பார்த்தது சேராது. 1982இல், விபத்து நடந்து 2 மணி நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு ஓடி, குடும்பம் ரத்தமும் சேறுமாகக் கிடப்பதைக் கண்ட தாய் ஜெயித்திருந்தார். ஹில்ஸ்பரோவில் சுமார் 8 மணி நேரம் கழித்துச் சவக்கிடங்கில் உடலை அடையாளம் காட்டியவருக்கு, தாமதம் என்று பதில் வந்தது.

அந்தப் பத்துப் பேரில் ஒருவர் மைதானத்திலேயே இருந்தவர். இரண்டு சகோதரர்களைப் பறிகொடுத்தவர். அவரும் தோற்றார். கூடப்பிறந்தவர் என்பது மட்டும் போதாதாம், பாசத்துக்கு ஆதாரம் வேண்டுமாம். அந்தச் சான்றிதழை எந்தத் தாலுகா ஆபீசில் வாங்குவதோ!

★ இங்கிலாந்தில் இன்னொரு நிபந்தனையும் உண்டு: துக்கம், கண்ணீர், தூக்கமின்மை போதாது. மனநல மருத்துவர் பெயர் சொல்லக்கூடிய நோயாக இருக்க வேண்டும்.

★ நியூயார்க்கில் ஒரு அரசு மருத்துவமனை, உயிரோடு இருந்த நோயாளி இறந்துவிட்டதாக வீட்டுக்குச் செய்தி அனுப்பியது. சடங்குகளும் தொடங்கிவிட்டன. பெட்டியில் இருப்பது அம்மா இல்லை என்று மகள் கண்டுபிடித்தார். 1975இல் அவருக்கு நஷ்டஈடு கிடைத்தது.

★ நம் ஊரில் இந்த அடி, மணி நேரக் கணக்கெல்லாம் பார்க்காத ஒரு குறுக்குவழி உண்டு: நுகர்வோர் வழக்கு. பணம் வாங்கிக்கொண்டு மக்களை அலைக்கழித்தால் மன உளைச்சலுக்கும் நஷ்டஈடு தரலாம் என்று, லக்னோ வளர்ச்சிக் குழும வழக்கில் 1993இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதைப் பொறுப்பான அதிகாரிகளிடமிருந்தே வசூலிக்கவும் சொன்னது. வரிப்பணம் ஏன் போக வேண்டும்?

1998இல் டெல்லி வழக்கு ஒன்று. டைபாய்டுக்காகச் சேர்த்த சிறுவனுக்கு, தகுதியில்லாத நர்ஸ் ஊசி போட்டார். தாயின் மடியில் இருந்தபடியே பிள்ளை சுருண்டான், மீளவே இல்லை. வைத்தியம் பிள்ளைக்குத்தானே, பெற்றோர் எப்படி நுகர்வோர் ஆவார்கள் என்று மருத்துவமனை வாதாடியது, எடுபடவில்லை. பெற்றோரின் மன வேதனைக்கென்று தனியாக 5 லட்சம் ரூபாய்.

★ நீங்களும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக நேர்ந்தால், பில் தொகையோடு நிறுத்திவிடாதீர்கள். மன உளைச்சலுக்கு இவ்வளவு என்று மனுவில் தனி வரி எழுதுங்கள். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும்.