கிழக்கே போனால் மேடு

கேரள எல்லையோர அமரவிளையில் திசைகளும் வினைகளும் போடும் புதிர்கள்

பெயரில் கீழே இருப்பான். தேடிப் போனால் மேலே ஏற வேண்டும். அவன் யார்?

சென்னையில் கேட்டால் விழிப்பார்கள். நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவே நெடுஞ்சாலையோரம் உள்ள அமரவிளையில் விடை சுலபம்: கிழக்கு.

'கீழ்' என்பதிலிருந்து கிழக்கு, 'மேல்' என்பதிலிருந்து மேற்கு. தமிழ்நாட்டுக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. மேற்கே மலைத்தொடர், கிழக்கே கடலை நோக்கிச் சரியும் நிலம். மதுரையில் மேல மாசி வீதி இருப்பது மேற்கில், கீழ மாசி வீதி கிழக்கில். அமரவிளையிலோ எல்லாம் தலைகீழ். மலை இருப்பது கிழக்கில். அகத்தியமலையில் பிறக்கும் நெய்யாறு கீழிறங்கி, பூவாறு அருகே அரபிக் கடலில் கலக்கிறது. ஆனாலும் மலையாளத்தில் கிழக்கு கிழக்குதான். குட்டநாட்டில் மலையிலிருந்து பாய்ந்து வரும் வெள்ளத்துக்குப் பெயரே 'கிழக்கன் வெள்ளம்'.

இந்த முரண் ராபர்ட் கால்டுவெல்லின் கண்ணில் பட்டது. 1856இல் முதலில் வெளிவந்த தனது திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் அவர் இதை ஆதாரமாக்கினார். மலைக்குக் கிழக்கே வாழ்ந்தவர்கள்தான் இந்தச் சொல்லை உருவாக்கியிருக்க முடியும். அவர்கள் மலையைத் தாண்டியபோது சொல்லும் கூடவே வந்தது என்பது அவர் வாதம். மலையாளம் தமிழின் கிளை என்ற அவரது முடிவு கேரளத்தில் இன்றும் விவாதத்துக்குரியது. ஒரு சொல் நடந்து வந்த வழியைக் காட்டலாம். ஒரு மொழி எப்போது, எப்படிப் பிரிந்தது என்பதற்கு அது மட்டும் போதாது.

மேற்கின் கதை வேறு. மலையாளத்தில் அதற்கு வழக்கமான சொல் 'படிஞ்ஞாறு'. தமிழ்க் காதுக்கு அந்நியம். பிரித்துப் பார்த்தால் படு ஞாயிறு, அதாவது சாயும் சூரியன். இரண்டுமே தமிழருக்குத் தெரிந்த சொற்கள்.

அடுத்த புதிர் இலக்கணத்தில். 'ரவி ஒரு புத்தகம் தந்தான். மணி ஒரு புத்தகம் கொடுத்தான்.' எந்தப் புத்தகம் உங்கள் கையில் இருக்கலாம்?

இன்றைய தமிழில் இதற்கு விடை இல்லை. தொல்காப்பியத்தில் உண்டு. வருதல், தருதல் இரண்டும் தன்மை, முன்னிலைக்கு உரியவை. செல்லுதல், கொடுத்தல் இரண்டும் படர்க்கைக்கு உரியவை என்கிறது சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம். 'தா' என்ற வினைக்குள்ளேயே திசை இருக்கிறது: என்னை நோக்கி, அல்லது உன்னை நோக்கி. எனவே ரவியின் புத்தகம்தான் உங்களிடம் இருக்கலாம்.

'எனக்குக் கொடு' என்று தமிழர்கள் தயங்காமல் சொல்கிறார்கள். மலையாளத்தில் அது தவறு. 'எனிக்கு தா', 'அவனு கொடுக்கு' என்றுதான் வரும். பள்ளி வாசலை மிதிக்காத குழந்தைகூட இதில் பிசகுவதில்லை.

1956 நவம்பர் 1இல் மொழிவாரி எல்லை போடப்பட்டபோது விளவங்கோடு, கல்குளம் உள்ளிட்ட தாலுகாக்கள் தமிழகத்துக்கு வந்தன. தமிழர்கள் கேட்டுப் போராடிய நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. மொழியை வைத்துத்தான் கோடு போட்டார்கள். ஆனால் தொல்காப்பியரின் இந்த விதியை இன்று பேச்சில் கேட்க விரும்பும் தமிழ் மாணவர், களியக்காவிளையைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது.