வாத்தியார் போட்ட பிறந்தநாள்

அறுபது அடி, ஆறு அங்குலம். மைதானத்து வேப்பமரத்தில் ஒரு கோணிச்சாக்கைக் கட்டித் தொங்கவிட்டு, அதில் சுண்ணாம்பால் கட்டம் போட்டு, டேப் பிடித்து அளந்து கோடு கிழித்தேன். பேஸ்பாலில் பந்து வீசும் பிட்சர் நிற்க வேண்டிய தூரம் அது. கோட்டில் நின்றவன் அதுவரை ஈட்டி எறிந்துகொண்டிருந்த பென்னாகரம் பக்கத்துப் பையன். 800 கிராம் ஈட்டிக்குப் பழகிய கை. பேஸ்பால் பந்தோ ஏறக்குறைய 145 கிராம். முதல் பந்து வேப்பமரத்தையும் சுற்றுச்சுவரையும் தாண்டி மரவள்ளிக் காட்டில் போய் விழுந்தது. பத்தாவது பந்து கட்டத்தின் நடுவில் பட்டுச் சாக்கைக் கிழித்தது. “இன்னொரு சாக்கு இருக்குங்களா சார்?” என்றான்.

தருமபுரி மாவட்டத்தில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லிக்கொடுத்தே ஓய்வு பெற்றவன் நான். பேஸ்பால் ஆடியே வளர்ந்த பிள்ளை எங்களிடம் வந்ததில்லை. ஈட்டிக்காரன் பிட்சர் ஆவான், கிரிக்கெட்டில் கீப்பிங் செய்பவன் கேட்ச்சர் ஆவான், கபடிக்காரன் அவுட்ஃபீல்டுக்குப் போவான். அணி அப்படித்தான் சேரும்.

இவன் வகுப்பிலேயே மூத்தவன். பிளஸ் டூவில் ஒரு பாடம் போய், மறுவருடம் எழுதித் தேறி, பெங்களூருக்கு பஸ் ஏறினான். ஐந்து வருடம் சென்ட்ரிங் வேலை. அக்கா கல்யாணக் கடன் அடைந்த பிறகுதான் கல்லூரிக்கு வந்தான். எங்கள் பக்கம் இது அதிசயம் இல்லை. மழையை நம்பிய காடும் பெங்களூரு, ஓசூர், திருப்பூர் கூலியும் சேர்ந்துதான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது.

கொரோனாவுக்கு முந்தைய ஆண்டு, பல்கலைக்கழக அணித் தேர்வுக்கு அவன் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளில் ஆட, அந்தக் கல்வியாண்டின் ஜூலை 1 அன்று 17 வயது நிறைந்திருக்க வேண்டும், 25 தாண்டியிருக்கக் கூடாது. அவன் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பிறந்த தேதி ஜூன் 5. இருபத்தாறு நாளில் பையன் வெளியே.

வீட்டுக்குப் போய்க் கேட்டேன். பாட்டி சிரித்தார். “ஐப்பசி அடைமழையில பொறந்தவன் சாமி இவன். ஒண்ணாப்பு சேர்க்கப் போனப்ப அஞ்சு வயசு ஆகலைன்னாங்க. வாத்தியாரே ஒரு தேதி போட்டுக்கிட்டாரு.” அந்த வாத்தியார் நல்லெண்ணத்தில்தான் செய்திருப்பார். பள்ளி திறக்கும் மாதத்தில் ஐந்து நிறைய வேண்டும் என்பதற்காக, எங்கள் ஊர்களில் ஒரு தலைமுறையே மே, ஜூனில் ‘பிறந்தது’. பிள்ளை ஒரு வருடம் சீக்கிரம் பள்ளிக்குப் போனான். கடைசியில் ஒரு பருவ ஆட்டத்தை இழந்தான். ஐப்பசித் தேதி காகிதத்தில் இருந்திருந்தால் அந்த ஆண்டு முழுக்க அவன் ஆடியிருக்கலாம்.

இதே பேஸ்பால் கல்லூரி மாணவனின் வயதை அமெரிக்காவில் எப்படிக் கணக்குப் போடுகிறது என்று அதன் பிறகுதான் தேடிப் படித்தேன். அங்கே 1965 முதல் ‘டிராஃப்ட்’ என்ற முறை இருக்கிறது. மேஜர் லீக்கின் 30 அணிகளும் இளம் வீரர்களை முறைவைத்துப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும். ஐபிஎல் போல ஏலம் கிடையாது. ஒரு வீரனை எந்த அணி எடுக்கிறதோ, அந்த அணியோடுதான் அவன் சம்பளம் பேச வேண்டும்.

யாரை எடுக்கலாம் என்பதற்கு மூன்று வழி. பள்ளி முடித்து இன்னும் கல்லூரியில் சேராதவனை எடுக்கலாம். இரண்டாண்டுக் கல்லூரியில் படிப்பவனை எந்த ஆண்டும் எடுக்கலாம். நான்காண்டுக் கல்லூரியில் சேர்ந்துவிட்டால் மூன்றாம் ஆண்டு முடியும்வரை தொடக் கூடாது. ஆனால் டிராஃப்ட் காலத்தை ஒட்டி 21 வயது நிறைந்துவிட்டால், இரண்டாம் ஆண்டு மாணவனையும் எடுக்கலாம். தாமதமாகக் கல்லூரிக்கு வந்தவனுக்குக் கதவு ஓர் ஆண்டு முன்னதாகவே திறக்கிறது. ஒரே வகுப்பில் இருவர், சில வாரப் பிறந்தநாள் வித்தியாசத்தில் ஒருவன் தகுதி பெறுவான், மற்றவன் காத்திருப்பான். இதைப் படித்தபோது அந்த இருபத்தாறு நாள் ஞாபகத்துக்கு வந்தது.

கதவு திறப்பது ஒரு பக்கம், விலை இன்னொரு பக்கம். மூன்றாம் ஆண்டு மாணவன், “இந்தப் பணம் போதாது, திரும்பக் கல்லூரிக்கே போகிறேன்” என்று சொல்லலாம். அந்த ஒரு வார்த்தைதான் அவன் கையிலுள்ள துருப்பு. 2023-இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி முதல் ஆளாக எடுத்த பால் ஸ்கீன்ஸ் அப்போதுதான் மூன்றாம் ஆண்டு முடித்திருந்தார், வயது 21. ஒப்பந்தப் பணம் 92 லட்சம் டாலர். இறுதியாண்டையும் முடித்துவிட்டவனுக்குத் திரும்பிப் போக இடமில்லை. சில ஆயிரம் டாலருக்குக்கூடக் கையெழுத்துப் போட்டவர்கள் உண்டு. வயது ஏற ஏற பேரம் பேசும் வலு இறங்கும். சந்தைக்குக் கடைசியாக வரும் தக்காளிக்கு என்ன விலை என்று பாலக்கோட்டு விவசாயியைக் கேட்டால் தெரியும்.

இந்தியாவில் இருந்து ஆடும் பிள்ளைகளுக்கு இந்த டிராஃப்டே கிடையாது. அது அமெரிக்கா, கனடா, புவேர்ட்டோ ரிக்கோ போன்ற இடங்களில் வசிப்பவர்களுக்கும் படிப்பவர்களுக்கும் மட்டும். மற்ற நாட்டு வீரனோடு அணிகள் நேரடியாக ஒப்பந்தம் போடும். அப்படிப் போனவர்கள்தான் ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும். இருவருமே உத்தரப்பிரதேசத்து ஈட்டிக்காரர்கள். 2008-இல் ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ என்ற போட்டியில் வேகமாகப் பந்து வீசிக் காட்டினார்கள். அதே பைரேட்ஸ் அணி அவர்களை ஒப்பந்தம் செய்தது. அவர்கள் கதைதான் 2014-இல் ஏ.ஆர். ரஹ்மான் இசையோடு படமாக வந்தது. ஈட்டி எறிந்த கை பேஸ்பாலுக்கு ஆகும் என்று என்னை நம்பவைத்தவர்கள் அவர்களே.

அந்த நேரடிச் சந்தையில் 16 வயதுப் பையனுக்குத்தான் கிராக்கி. அதனால் டொமினிகன் குடியரசில் பலர் காகிதத்தில் வயதைக் குறைத்தார்கள். நட்சத்திர வீரர் மிகேல் தெஹாதா தனக்கு இரண்டு வயது கூடுதல் என்று 2008-இல் ஒப்புக்கொண்டார். நம் நாட்டிலும் வயதுப் பிரிவுப் போட்டிகளில் இந்தத் தில்லுமுல்லு உண்டு. மணிக்கட்டு எலும்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதும் அதனால்தான். வயதைக் குறைத்தவனைப் பிடிக்க எக்ஸ்ரே இருக்கிறது. வாத்தியார் வயதைக் கூட்டிய பிள்ளைக்காக யாரும் எக்ஸ்ரே எடுப்பதில்லை.

அமெரிக்க விதிகளில் ஒன்று மட்டும் என் மனதில் தைத்தது. அங்கே கல்லூரியில் நான்கு பருவம் ஆட ஐந்தாண்டு அவகாசம் என்பது நெடுநாள் விதி. சேர்ந்த நாளில் கடிகாரம் ஓடத் தொடங்கும். ஆனால் ஒருவன் ராணுவத்துக்குப் போனாலும், சபை ஊழியத்துக்குப் போனாலும் அந்தக் காலத்தைக் கழித்துவிடுவார்கள். யூட்டாவில் மார்மன் சபையின் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் இரண்டாண்டு ஊழியம் முடித்துவந்த மூத்த மாணவர்கள் அணியில் ஆடுவது சாதாரணம். நாட்டுக்கும் கடவுளுக்கும் கொடுத்த காலத்தைக் கழிக்கிறார்கள். அக்கா கல்யாணக் கடனுக்குக் கொடுத்த காலத்தையும் கழித்தால் என்ன?

நம் ஊரில் இது வெறும் கோப்பை விஷயம் இல்லை. பல்கலைக்கழகப் போட்டிப் பதக்கம் ரயில்வே, போலீஸ் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு எடைபோடப்படும் காகிதம். எங்கள் பிள்ளைகளுக்கு அதுதான் டிராஃப்ட். கிரிக்கெட்டுக்காரனுக்கு வேறு வழி இருக்கிறது, ஐபிஎல்லில் மேல்வரம்பு வயதே இல்லை. கட்டடக் கலை படித்து அந்த வேலையையும் பார்த்த வருண் சக்கரவர்த்தியை 2018 டிசம்பர் ஏலத்தில் 8.4 கோடிக்கு எடுத்தபோது அவருக்கு 27 வயது. ஈட்டிக்காரனுக்கும் பேஸ்பால்காரனுக்கும் அப்படி ஒரு ஏலம் நடப்பதில்லை. கல்லூரி வாசல் ஒன்றுதான்.

வயது வரம்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முப்பது வயதுக்காரன் பதினெட்டு வயதுக்காரனோடு மோதினால் அது போட்டி இல்லை. பிளஸ் டூவுக்குப் பிறகு வேலைக்குப் போனதற்கு பி.எஃப். கணக்கோ, தொழிலாளர் நல வாரிய அட்டையோ காட்டினால் இரண்டு வருடம் கழித்துக்கொடுங்கள் என்கிறேன். அவ்வளவுதான்.

அந்தப் பையன் பட்டம் வாங்கினான். இப்போது ஓசூரில் வேலை. போன வருடம் பெண் குழந்தை பிறந்தது. பிறந்த 21 நாளுக்குள் பதிவு செய்துவிட்டு, பிறப்புச் சான்றிதழைப் படம் எடுத்து எனக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருந்தான். கீழே ஒரு வரி: “தேதி சரியா இருக்குங்களா சார்?”