பெயரைக் காத்த நெசவாளர்கள்

ஸ்காட்லாந்துக்கு மேற்கே, அட்லாண்டிக் கடலில் உள்ள வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளில் நெய்யப்படும் கம்பளித் துணிக்கு ஹாரிஸ் ட்வீட் என்று பெயர். குளிரையும் மழையையும் தாங்குவதற்கென அத்தீவினர் ஆட்டு மயிரைக் கையால் நூற்று, பாறையில் படரும் பாசி முதலியவற்றால் சாயமேற்றி, வீட்டுத் தறியில் நெய்து வந்தனர். 1840-களில் டன்மோர் சீமாட்டி இத்துணியைச் செல்வர்களிடையே அறிமுகம் செய்தார், தேவை பெருகிற்று.

புகழ் வந்த இடத்திற்குப் போலியும் வந்தது. வேற்றிடத்துத் துணிகளும் அதே பெயரில் விலைபோயின. ஆகவே 1909-இல் சங்கம் ஒன்று நிறுவப்பட்டது. உருண்டையின் மேல் சிலுவை அமைந்த முத்திரை 1910-இல் பதிவாயிற்று. மறு ஆண்டு முதல் துணிகளில் பொறிக்கப்பட்டது.

காலத்திற்கேற்ற மாறுதலையும் அவர்கள் மறுக்கவில்லை. கைநூற்பால் தேவையை ஈடுசெய்ய இயலாமையால், 1934-இல் தீவுகளிலுள்ள ஆலைகளில் நூற்ற நூலுக்கும் இடமளித்தனர். நெசவை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. 1993-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய சட்டப்படி, புதுக் கம்பளிக்குச் சாயமேற்றுவதும் நூற்பதும் அத்தீவுகளிலேயே நடைபெற வேண்டும்; தீவினர் தத்தம் இல்லங்களில் கையால் நெய்ய வேண்டும்; இறுதிப் பதனிடுதலும் அங்கேயே நிகழ வேண்டும். தறி இயங்குவது மின்விசையால் அன்று, நெசவாளரின் கால்மிதியால்.

அங்கத்தினர்கள் இதில் கருதத்தக்கது ஒன்றுண்டு. அம்முத்திரை தனி முதலாளி எவருக்கும் உரியதன்று. தீவினர் அனைவர் பொருட்டும் சட்டப்படி அமைந்த ஆணையத்தின் உடைமை. பொதுப்பெயரில் விற்கும் துணியில் ஒருவர் செய்யும் குறை எல்லோருடைய கூலியையும் பாதிக்கும். நம் சங்க முத்திரைக்கும் இது பொருந்தும்.