32 வயதில் மெர்க்ஸ், 39 வயதில் கேவண்டிஷ்

1975 ஜூலை. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில், முன்னிலை வகிப்பவருக்கான மஞ்சள் ஜெர்ஸியோடு பூய் டி டோம் மலையேறிக்கொண்டிருந்த சாம்பியன் எடி மெர்க்ஸின் வயிற்றில் பார்வையாளர் ஒருவர் ஓங்கிக் குத்தினார். அடுத்த கட்டத்திலேயே, ப்ரா லூ ஏற்றத்தில் போட்டியாளர் பெர்னார் தெவனே அவரைத் தாண்டிப் போய்விட்டார். போதாததற்கு, வலுவார் அருகே கீழே விழுந்து கன்ன எலும்பு உடைந்தது. மென்று சாப்பிட முடியாமல், நீராகாரத்தை வைத்தே மலைகளைக் கடந்தார். அப்படியே பாரிஸ் வரை ஓட்டி இரண்டாவதாக வந்தார்.

ஏன் விலகவில்லை? அன்று பரிசுப் பணம் அணிக்குள் பங்கு பிரியும். தலைவன் விலகினால், கூட ஓட்டியவர்களின் பங்கும் போய்விடும். சாம்பியனின் வருமானத்தில் பெரும்பகுதி டூர் முடிந்தபின் ஊர் ஊராக நடக்கும் சிறு பந்தயங்களிலிருந்து வந்தது. குளிர்காலத்திலும் உள்ளரங்குகளில் ஆறு நாள் பந்தயம். ஓய்வென்பதே இல்லாத பிழைப்பு அது. மெர்க்ஸ் 1976இல் மிலான்-சான் ரெமோவை ஏழாவது முறையாக வென்றார். 1977 டூரில் ஆறாவது இடம். 1978 மே மாதம், 32 வயதில், உடம்பு ஒத்துழைக்காமல் விலகினார். 1975இல் முகம் உடைந்தபின் ஓட்டிய அந்த நாட்கள் அவரிடமிருந்து சில நல்ல ஆண்டுகளைப் பறித்துக்கொண்டன என்றே நம்புகிறேன்.

இன்னொரு டூர் சாம்பியனான பெர்னார் இனோவும் அதே 32 வயதில்தான் நிறுத்தினார். ஆனால் நாளை அவரே முன்கூட்டிக் குறித்திருந்தார். 1986 டூரில் இரண்டாம் இடம், மலையரசன் ஜெர்ஸி. நவம்பரில் பிறந்தநாளோடு பந்தயத்துக்கு முழுக்கு. பிறகு பிரித்தானியில் மாட்டுப் பண்ணை. கம்பீரமான முடிவுதான். ஆனாலும் முந்தைய ஆண்டு தனக்குத் துணைநின்ற கிரெக் லெமாண்டுக்கு உதவுவதாகச் சொல்லிவிட்டு, அந்தக் கடைசி டூரில் அவரையே தாக்கி ஓட்டினாரே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. போகிற சாம்பியன் வருகிறவருக்குத் தோள் கொடுக்க வேண்டும்.

இன்று நிலைமை வேறு. ஒரே இலக்குக்காக முழு ஆண்டையும் ஒதுக்கி வைக்க ஒரு மூத்த வீரருக்கு முடிகிறது. மார்க் கேவண்டிஷ் 2020இல் ஒரு பந்தயம் முடிந்து, இதுவே கடைசியாக இருக்கலாம் என்று கேமரா முன் அழுதவர். மறு ஆண்டே டூரில் நான்கு கட்டங்கள் வென்று மெர்க்ஸின் 34 கட்ட வெற்றிகள் என்ற டூர் சாதனையை எட்டினார். 2023இல் ஓய்வு அறிவித்திருந்தார். அந்த டூரில் விழுந்து காறை எலும்பு முறிய, இன்னும் ஓராண்டு ஓட்டுவதென்று முடிவை மாற்றினார்.

2024 டூரின் முதல் நாள், இத்தாலியில் கொளுத்தும் வெயில். ஏற்றத்தில் பின்தங்கி, ஓட்டிக்கொண்டே வாந்தி எடுத்தார். அவருடைய அஸ்தானா அணியினர் தங்கள் இடங்களை மறந்து அவரைச் சூழ்ந்துகொண்டு, கால வரம்புக்குள் கரைசேர்த்தார்கள். மலைகளில் பிழைத்திருந்தால் போதும், சமதளத்தில் ஒரு நாள் கிடைத்தால் போதும் என்பதே திட்டம். ஜூலை 3, சான் வுல்பா. கடைசி நூறு மீட்டர்களில் யாராலும் அவரைப் பிடிக்க முடியவில்லை. 39 வயதில் 35ஆவது வெற்றி!

எல்லாருக்கும் இது வாய்க்காது. நான்கு டூர் வென்ற கிறிஸ் புரூம் 2019இல் சுவரில் மோதித் தொடை எலும்பு முறிந்தபின் மீண்டும் சைக்கிள் ஏறியதே பெரிய மனத்திடம். ஆனால் அவர் குறிவைத்தது ஐந்தாவது டூர் பட்டம். 2021இல் புது அணிக்குப் போனபின் ஒரு பந்தயமும் வெல்லவில்லை. டூரின் மூன்று வாரமும் மலைமலையாக மீண்டெழும் உடம்பு முப்பத்தைந்துக்குமேல் அரிதாகவே கிடைக்கிறது. ஒரு நாள் பந்தயத்துக்கான தெம்பும் தந்திரமும் அதற்குப் பிறகும் இருக்கின்றன. அலெஹாந்திரோ வால்வெர்தே 38 வயதில் உலக சாம்பியன் ஆனது ஒரு நாள் பந்தயத்தில்தான். மூத்த சாம்பியன் குறிவைக்க வேண்டியது அந்த ஒரு நாளை.

கேவண்டிஷ் அதற்குமேல் இழுக்கவில்லை. 2024 நவம்பரில் சிங்கப்பூரில் கடைசிப் பந்தயம் ஓட்டினார். அதிலும் முதலிடம்.