'முஃபாசா'வில் கதை கேட்கும் கியாரா யார்? தியேட்டருக்கே வராத பார்ட்-2 படங்களின் பின்னணி!

கோடை விடுமுறை வந்துவிட்டால் பண்ருட்டி பக்கம் வீடெல்லாம் பலாப்பழ வாசனைதான். அம்மா கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சுளை எடுப்பார். எதிரே டிவியில் பிள்ளைகளுக்காக 'முஃபாசா', அந்த வாரத்தில் நாலாவது முறையாக ஓடும். அதில் குரங்கு ரஃபிக்கி ஒரு குட்டிச் சிங்கத்துக்குக் கதை சொல்லுமே, அந்தக் கியாரா 2024-ல் பிறந்தவள் இல்லை. 1998-லேயே வந்துவிட்டாள். அதுவும் அமெரிக்காவில் தியேட்டருக்கே வராத ஒரு படத்தில்!

அந்தப் படம் 'தி லயன் கிங் 2: சிம்பாஸ் பிரைட்'. சிம்பாவின் மகளாகக் கியாரா வளர்ந்து பெரியவளாவது இதில்தான். படம் நேராக வீடியோ கேசட்டாகக் கடைக்கு வந்தது. இந்த வகைக்கு 'டைரக்ட்-டு-வீடியோ' என்று பெயர்.

எப்படி ஆரம்பித்தது?

1992-ல் வந்த 'அலாவுதீன்' பெரிய ஹிட். அதை வைத்து டிஸ்னி ஒரு டிவி தொடர் தயாரித்தது. தொடரின் தொடக்கத்துக்காக யோசித்த கதையைத்தான் 'தி ரிட்டர்ன் ஆஃப் ஜாஃபர்' என்று 1994 மே மாதம் கேசட்டாக இறக்கினார்கள். பூதத்துக்குக் குரல் கொடுத்த ராபின் வில்லியம்ஸ் அதில் இல்லை. தியேட்டர் படத்தை எடுத்த குழுவும் இல்லை, டிவி பிரிவுதான் எடுத்தது. விமர்சகர்கள் கழுவி ஊற்றினார்கள். ஆனாலும் ஒரு கோடிக்கும் மேல் கேசட் விற்றது.

எப்படி விற்றது? பெரியவர்களுக்கு ஒரு படம் ஒரு தடவை போதும். குழந்தைக்கு அப்படியில்லை, அடுத்து என்ன வரும்னு தெரிந்தே பார்ப்பதில்தான் சந்தோஷம். தியேட்டர் டிக்கெட் ஒரு நாளோடு முடிந்துவிடும், கேசட் தேயும் வரை ஓடும். கதாபாத்திரங்கள் ஏற்கெனவே பிரபலம் என்பதால் புதிதாக அறிமுகப்படுத்தும் செலவும் இல்லை.

பிறகென்ன, 'சிண்ட்ரெல்லா', 'பாம்பி', 'லிட்டில் மெர்மெய்ட்' என வரிசையாக இரண்டாம் பாகங்கள்தான். யுனிவர்சலின் டைனோசர் படமான 'தி லேண்ட் பிஃபோர் டைம்' 1988-ல் தியேட்டருக்கு வந்தது. அதன்பின் 2016 வரை 13 பாகங்கள், எல்லாமே வீடியோவுக்கு மட்டும்!

செலவு குறைவதால் அசைவுக்கான ஓவியங்கள் குறையும், பின்னணி எளிமையாகும், பாட்டும் முதல் படம் அளவுக்கு நிற்காது. எல்லாமே மோசம் என்றும் சொல்லிவிட முடியாது. கியாரா-கோவு கதைக்கு இன்றும் ரசிகர்கள் இருக்கிறார்களே!

கதை மாறியது எங்கே?

பிக்சாரின் 'டாய் ஸ்டோரி 2'வும் முதலில் வீடியோவுக்காகத்தான் தொடங்கியது. தரம் நன்றாக இருக்கவே 1998-ல் தியேட்டர் படமாக மாற்றினார்கள். பிறகு கதையில் திருப்தி இல்லாமல், ரிலீஸுக்குச் சில மாதங்களே இருக்கும்போது பெரும்பகுதியைத் திரும்ப எழுதினார்கள். 1999-ல் வந்த அந்தப் படம் முதல் பாகத்தை மிஞ்சியது என்று சொல்பவர்கள் பலர். 2006-ல் டிஸ்னி பிக்சாரை வாங்கியபோது அனிமேஷன் பொறுப்புக்கு வந்தவர் ஜான் லாசெட்டர், 'டாய் ஸ்டோரி 2'வின் இயக்குநர். அடுத்த ஆண்டே வீடியோ சீக்வல்களுக்கு முற்றுப்புள்ளி வைக்கப்பட்டது.

நிஜமாகவே முடிந்துவிட்டதா? 'மோனா 2' ஓடிடி தொடராகத்தான் 2020-ல் அறிவிக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் அது தியேட்டர் படமாக மாறி, நவம்பரில் ரிலீஸ் ஆனது. எபிசோடுகளை ஒட்டியதுபோல இருக்கிறது என்ற விமர்சனத்தைத் தாண்டி, 100 கோடி டாலருக்கு மேல் வசூல். அதாவது வீட்டு டிவிக்காகத் தொடங்கிய ஒன்றுக்கு, குடும்பத்தோடு டிக்கெட், பாப்கார்ன், பார்க்கிங் என்று மக்கள் செலவு செய்தார்கள்.

நம்ம நாட்டில்?

இங்கே இந்த இடத்தைப் பிடித்தது டிவி. ஹைதராபாத்தின் கிரீன் கோல்டு நிறுவனம் எடுத்த 'சோட்டா பீம்' 2008-ல் போகோ சேனலில் தொடங்கியது. தொடரோடு டிவிக்கென்றே முழுநீளப் படங்களும் வந்தன. தியேட்டருக்குப் போனது 2012-ல்தான். டிஸ்னி தியேட்டரில் இருந்து வீட்டுக்கு வந்தது என்றால், பீம் வீட்டில் இருந்து தியேட்டருக்குப் போனான். வழியில் ஸ்கூல் பையிலும் டிபன் பாக்ஸிலும் ஏறிக்கொண்டான்!

ஓடிடி ஆப்பில் எல்லா போஸ்டரும் ஒரே சைஸ்தான், பார்த்தவுடன் வித்தியாசம் தெரியாது. 1994 முதல் 2008 வரை வந்த டிஸ்னி '2' என்றால், தியேட்டரில் வெளியானதா என்று ஒருமுறை தேடிப் பார்த்துவிட்டு பிளே பட்டனை அழுத்தலாம்.