ஆற்றோரப் பண்ணை வாங்குமுன் ஏ-பதிவேட்டைப் பாருங்கள்

"காவிரிக் கரையிலேயே நிலம் சார், பின்னாடி காடு. ராத்திரி பன்றி, முயல்னு அடிச்சுச் சாப்பிடலாம்." தர்மபுரி மாவட்டத்தில் பென்னாகரம், ஏரியூர் பக்கம் நிலம் தேடிப் போகிறவர்களிடம் புரோக்கர்கள் இப்படித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். அதைக் கேட்டு அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, ஒரு மாதம் கழித்து வக்கீலைத் தேடுகிறவர்கள் குறைவதாகத் தெரியவில்லை. விற்பவர் காட்டும் கரை பல நேரம் அவருடையது அல்ல. வேட்டையை விற்க யாருக்குமே உரிமை இல்லை.

மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. தண்ணீர் வற்றும்போது நாகமரை, ஒட்டனூர் பக்கம் வெளியே தெரியும் மண் அணையின் நீர்ப்பிடிப்புப் பகுதி. அதில் உழுது விதைப்பவர்கள் உண்டு. விதைத்ததால் அது பட்டா நிலம் ஆகிவிடாது. கோடையில் பார்த்துக் கிரயம் பேசிய இடம் அணை நிரம்பினால் முழுகிப்போகும்.

"வரி கட்டுறோம், ரசீது இருக்கு" என்று நீட்டுவார்கள். வாங்கிப் படியுங்கள். 'பி மெமோ' என்றோ 'தண்டத் தீர்வை' என்றோ இருந்தால், அது அரசு நிலத்தை ஆக்கிரமித்ததற்குப் போட்ட அபராதம். உரிமைக்கு அல்ல, ஆக்கிரமிப்புக்குத்தான் அது சாட்சி. அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

புல எண்ணை வாங்கி, அரசின் இ-சேவை நில ஆவணத் தளத்தில் பட்டா, சிட்டா, ஏ-பதிவேடு, புலப்படம் நான்கையும் எடுங்கள். ஏ-பதிவேட்டில் நிலத்தின் வகை புறம்போக்கு, ஓடை, ஆறு, காடு என்று இருந்தால் பேச்சை அதோடு முடித்துக்கொள்ளுங்கள். ஆதிதிராவிடருக்கு நிபந்தனையோடு ஒதுக்கிய நிலமா என்றும் தாலுகா அலுவலகத்தில் கேளுங்கள். அப்படியானால், பத்திரம் பதிவானாலும் அந்த நிலம் உங்கள் கையில் நிலைக்காது. 'வில்லங்கம் சுத்தம்' என்பதை நம்பி உட்காராதீர்கள். பதிவான பத்திரங்களை மட்டும்தான் வில்லங்கச் சான்று சொல்லும். மூலப் பத்திரம் கையில் வேண்டும். கட்டணம் கட்டி சர்வேயரை வரவழைத்து, கல் காட்டச் சொல்லி, பிறகு பணம் எண்ணுங்கள்.

காட்டோர நிலமானால் இன்னொரு வேலையும் உண்டு. தர்மபுரி மாவட்ட வன அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள். கிராமம், புல எண் எழுதி, 'இது காப்புக் காடா? காப்புக் காடாக்க உத்தேசித்து அறிவிக்கப்பட்டதா? காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலய எல்லைக்குள் வருகிறதா?' என்று மூன்றே கேள்வி கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். அலைக்கழிப்பார்கள், விடாதீர்கள், மேல்முறையீடு உண்டு. கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் சுமார் 686 சதுர கிலோமீட்டரை 2022-இல் சரணாலயமாக அறிவித்தார்கள். அதைப் புரோக்கர் சொல்ல மாட்டார்.

அடுத்தது வேட்டை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்தப் பட்டா நிலத்தில் முயல் அடித்தாலும் குற்றம்தான். சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை. 'பன்றியைச் சுட அரசே அனுமதித்துவிட்டது' என்பது அரைகுறைப் பேச்சு. 2025 தொடக்கத்தில் வந்த முடிவின்படி, காப்புக் காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால், வனத்துறையினர் மட்டுமே சுடலாம். பன்றிக்கென்று கம்பியில் மின்சாரம் விடுவதை நினைத்தும் பார்க்காதீர்கள். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே அப்படிப்பட்ட வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன, விவசாயி கைதானார். பயிர் சேதமானால் வனச்சரகரிடம் இழப்பீட்டுக்கு மனு கொடுப்பதுதான் வழி.

ஏற்கெனவே பணம் கொடுத்தவர்கள் பாக்கித் தொகையைக் கொடுக்காதீர்கள். வக்கீல் மூலம் நோட்டீஸ் அனுப்புங்கள். ஒப்பந்தம், வங்கிப் பரிவர்த்தனை, ஏ-பதிவேட்டு நகல் மூன்றையும் சேர்த்து, மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் மாவட்டக் குற்றப்பிரிவுக்குப் புகார் கொடுத்து, ரசீது கேட்டு வாங்குங்கள். 'இது சிவில் விஷயம்' என்று திருப்பி அனுப்பினால் புகாரைப் பதிவுத் தபாலில் கண்காணிப்பாளருக்கே அனுப்புங்கள். பிறகு நீதித்துறை நடுவரிடம் போகலாம். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100-க்கு அழைத்தால் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழிகாட்டும். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு.

மறுபடியும் சொல்கிறேன்: ஏ-பதிவேட்டைப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.