பந்தய இன்ஜினில் ஆயில் கட்டுப்பாடு

இன்ஜினில் ஆயில் போய்ச் சேர வேண்டிய இடங்களும் உண்டு, எட்டிப் பார்க்கக் கூடாத இடங்களும் உண்டு. பேரிங், பிஸ்டன், கேம் எல்லாவற்றுக்கும் அது தடையில்லாமல் கிடைக்க வேண்டும். எரியறைக்குள் நுழையக் கூடாது. சுழலும் கிராங்க் மீது தெறித்து அதன் சக்தியைத் தின்னவும் கூடாது. திருப்பூரில் நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்: ஆயில் குறைந்தால் ஊசி தேயும், கூடினால் துணியில் கறை விழும். பந்தய இன்ஜினைப் பிரித்துத் திரும்பக் கட்டும்போது பிஸ்டன் ரிங், வால்வு சீல், ஆயில் தங்கும் அடித்தொட்டியான சம்ப் ஆகிய மூன்று இடங்களில் இந்தக் கட்டுப்பாட்டை அமைக்கிறார்கள்.

கொங்கு வட்டாரத்தில் இந்த வேலைக்குப் பேர்போன ஊர் கோவை. மாருதி 800 காரின் 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கியவர் கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன். 1995இல் விமான விபத்தில் அவர் இறந்தார். செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. சுமார் 2 கி.மீ. நீளமுள்ள அந்தப் பாதையில் வளைவுகள் அடுத்தடுத்து வரும். சாதாரண சாலைக்காகச் செய்த இன்ஜினைப் பந்தயத்துக்கு மாற்றும்போது ஆயில் தொல்லை கொடுப்பது இத்தகைய வளைவுகளில்தான்.

ரிங்குக்கான வேலை சிலிண்டர் சுவரில் தொடங்குகிறது. ஹோனிங் செய்த, அதாவது தேய்ப்புக் கல்லால் தேய்த்த, சுவரில் சுமார் 45 டிகிரியில் ஒன்றையொன்று வெட்டும் நுண்கோடுகள் இருக்க வேண்டும். ஆயிலைப் பிடித்து வைப்பவை அவையே. ஹோனிங் தூளை மண்ணெண்ணெய் மட்டும் வெளியேற்றாது. சோப்பும் வெந்நீரும் போட்டுத் தேய்த்துக் கழுவி, உடனே உலர்த்தி ஆயில் பூச வேண்டும். வெள்ளைத் துணியால் துடைக்கும்போது துணி சாம்பல் நிறமானால் சுவர் இன்னும் சுத்தமில்லை. ஒர்க்‌ஷாப்புகளில் கைதுடைக்கப் பயன்படும் பனியன் வேஸ்ட் இந்தக் கடைசித் துடைப்புக்கு ஆகாது. அதன் வெட்டு விளிம்பிலிருந்து உதிரும் நூல் ஆயில் பம்பின் வடிகட்டியை அடைத்துவிடும்.

பிஸ்டனில் மேலே இரண்டு கம்ப்ரெஷன் ரிங், அடியில் ஆயில் ரிங். ஆயில் ரிங் பெரும்பாலும் மூன்று துண்டாக வரும்: நடுவில் நெளிநெளியான விரிப்பான், அதன் மேலும் கீழும் ஒவ்வொரு மெல்லிய எஃகுத் தகடு. முதலில் விரிப்பானைப் பள்ளத்தில் வைக்க வேண்டும். அதன் இரு முனைகளும் நேருக்கு நேர் முட்டி நிற்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் ரிங்குக்கு அழுத்தம் குறைந்து, முதல் ஓட்டத்திலேயே புகை வரும். பல நிறுவனங்கள் முனைகளுக்கு வண்ணம் பூசியிருக்கும். இரு வண்ணமும் கண்ணுக்குத் தெரிந்தால் பொருத்தம் சரி. பிறகு தகடுகளைக் கையாலேயே சுற்றி ஏற்ற வேண்டும். தகடுகளின் வாய்களும் விரிப்பானின் மூட்டும் ஒரே நேரில் வரக் கூடாது.

ரிங்குகளைப் பிஸ்டனில் ஏற்றுமுன் சிலிண்டரில் வைத்து வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளப்பார்கள். விட்டத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 0.004 அங்குலம் என்பது மேல் ரிங்குக்குச் சொல்லப்படும் பொதுக்கணக்கு. 68.5 மி.மீ. விட்டமுள்ள மாருதி 800 சிலிண்டருக்கு அது சுமார் 0.27 மி.மீ. ஆகும். பந்தய இன்ஜின் அதிகம் சூடாவதால் இடைவெளியைச் சற்றுக் கூட்டுவார்கள். இடைவெளி போதாவிட்டால் சூட்டில் ரிங்கின் முனைகள் முட்டி, சுவரைக் கீறிவிடும்.

இரண்டாவதான வால்வு சீல் சிறிய ரப்பர் வளையம். வால்வுத் தண்டு வழியே ஆயில் இறங்குவதை அது தடுக்கிறது. பழையதைத் திரும்பப் போடக் கூடாது. தண்டின் நுனியிலுள்ள பள்ளத்தின் கூர்விளிம்பு சீலின் உதட்டைக் கிழித்துவிடும் என்பதால், நுனியை பிளாஸ்டிக் உறையால் மூடி, ஆயில் தடவி இறக்க வேண்டும். வால்வு கைடு தேய்ந்திருந்தால் புதுச் சீலும் நாள்படத் தாங்காது.

மூன்றாவது சம்ப். காரின் எடைக்குச் சமமான பக்கவாட்டு விசை வளைவில் ஏற்படும்போது, சம்பிலுள்ள ஆயிலின் மேல்மட்டம் 45 டிகிரி சாய்ந்துவிடும். பம்புக்கு ஆயில் எடுக்கும் உறிஞ்சு குழாயின் வாய் ஆயிலுக்கு வெளியே தெரிந்தால் பம்ப் காற்றை இழுக்கும். ஓரிரு நொடியில் பேரிங் போய்விடும். அதற்காகச் சம்புக்குள் தடுப்புத் தகடுகளும், உள்நோக்கி மட்டும் திறக்கும் சிறு கதவுகளும் பொருத்துகிறார்கள். ஆயில் குழாயை நோக்கி வரலாம், விலகிப் போக முடியாது. கிராங்குக்கும் ஆயிலுக்கும் நடுவே இன்னொரு தகடு இருக்கும். அதைப் பொருத்தியபின் கிராங்கைக் கையால் முழுச்சுற்று சுற்றி, எங்கும் உரசவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். உறிஞ்சு குழாய்க்கும் சம்பின் அடிக்கும் உள்ள இடைவெளியைக் களிமண் உருண்டை வைத்து அளக்கலாம். 6 முதல் 10 மி.மீ. வரை இருப்பது வழக்கம்.

கட்டி முடித்ததும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, ஆயில் அழுத்தம் கேஜில் ஏறும்வரை ஸ்டார்ட்டரால் சுற்ற வேண்டும். அதன் பிறகே இன்ஜினை உயிர்ப்பிக்கலாம். ஐடிலில் நீண்ட நேரம் ஓடவிட்டால் சுவர் வழுவழுப்பாகி ரிங் படியாது. மிதமான பாரம் கொடுத்து ஓட்டி, விரைவிலேயே ஆயிலை மாற்ற வேண்டும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது நீலப்புகை தொடர்ந்து வந்தால் ரிங்கைச் சந்தேகிக்கலாம். விட்டுப் பிடிக்கும்போது வந்தால் வால்வு சீலை. இரண்டும் இல்லாமல், வேகமான வளைவிலும் அழுத்தம் இறங்காமல் நின்றால் வேலை சரியாக முடிந்தது என்று பொருள்.